ஸ்பீக்கரில் மட்டும் கேட்டது

பகல் இரண்டு மணி... அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பாதை. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? அன்று விழுந்த மூட்டத்தில் நீட்டிய கை தெரியவில்லை. றிஸாத், அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

நம் ஜெயந்தினியின் ஒன்றுவிட்ட தம்பி விஜேந்திரனுக்கு நடந்தது இது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்துகொண்டே கிட்டார் வாசிப்பவன். பதுளையில் இசைக்குழு வைத்திருக்கும் நஸீர் அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு பாட்டுக்குக் கிட்டார் பதிந்து அனுப்ப வேண்டும். இரண்டு முறை அனுப்பினான். இரண்டு முறையும் திரும்பி வந்தது.

“ஹெட்போன்ல நல்லாத்தான் இருக்கு. ஸ்டூடியோ ஸ்பீக்கர்ல போட்டா பேஸ் குமுறுது, மேல் சத்தம் காதைக் கிழிக்குது. ஸ்பீக்கர்ல கேட்டு சரி பண்ணுங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வராட்டி வேற ஆளைப் பாத்துக்குவேன்” என்றார் நஸீர்.

ஸ்பீக்கர் அவனிடம் இருந்தது. போடத்தான் முடியாது. அடுத்த வீட்டு மாடசாமியைத் தேயிலைக்குள் யாரோ செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிப் போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பதினொரு வெட்டு. வெட்டியவன் அகப்படவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை லயத்தில் ரேடியோகூடப் பாடாது. மாடசாமியின் பெண்சாதி இராக்கம்மா அவனிடம் கெஞ்சியிருந்தாள்.

“காதுக்குள்ள போட்டுக் கேளு தம்பி, வேணாங்கல. வெளிய சத்தம் வரக்கூடாது. அவரு இன்னும் போகல.”

நம் புத்திசாலி என்ன செய்தான்? லயத்துக்குள்தானே போடக்கூடாது என்று, ஸ்பீக்கர் இரண்டையும் கம்பளியில் சுற்றி, கிட்டாரையும் லெப்டொப்பையும் சுமந்துகொண்டு பாதையில் இறங்கினான். கீழ் வளைவில் பழைய பிள்ளைக் காம்பரா... கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போன இடம். இப்போது வெறும் அறை. கரண்ட் மட்டும் இருந்தது.

ஸ்பீக்கர்களைச் சுவரோரம் வைத்துப் போட்டான். கிட்டார்... அதற்கடியில் இன்னொரு சத்தம். சதக்... சதக்...

பேஸ் என்று நினைத்துக் குறைத்தான். அது குறையவில்லை. சுவர்தான் பேஸைக் கூட்டுகிறது என்று ஸ்பீக்கர்களை நடு அறைக்கு இழுத்தான். எதிரொலியை அடக்கக் கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டான். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு சதக்குக்கும் பின்னால் ஒரு முனகல். பாட்டை நிறுத்தினான்... அது நிற்கவில்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. எண்ணாமல் இருந்திருக்கலாம், எண்ணினான். பதினொன்று. பிறகு அமைதி... பச்சைத் தேயிலை வாசம், அதோடு இரத்த வாடை.

பயந்துவிட்டான், பாவம். ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஐந்து மணி மனதை அரித்தது. ஹெட்போனை மாட்டி மறுபடி போட்டான். சுத்தமான கிட்டார், வேறொன்றுமில்லை. எல்லாம் அறையின் கோளாறு என்று மூச்சுவிட்டு, கடைசிப் பகுதியைத் திரும்பப் பதியக் கிட்டாரை எடுத்தான். காதை அடைத்துக்கொண்டவனுக்குப் பின்னால் வருவது எப்படிக் கேட்கும்?

பன்னிரண்டாவது வெட்டு, கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருந்த இடது கையில் விழுந்தது. அடுத்தது தோளில். அதற்கடுத்தது முதுகில், எலும்பு வரை. கழன்ற ஹெட்போனை மிதித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். அலறல் கேட்டுக் கொழுந்தெடுத்த பெண்கள் ஓடி வந்தபோது வாசலெல்லாம் இரத்தம். உள்ளே யாரும் இல்லை.

மூன்றரைக்குப் பொலிஸார் வந்து காம்பராவைப் பூட்டினார்கள். கிட்டாரும் லெப்டொப்பும் உள்ளேயே. நாலரைக்கு விஜேந்திரன் பதுளை ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தான்.

மறுநாள் நஸீர் பார்க்க வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“நேத்து அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கக்குள்ள கிட்டார் வந்துச்சு. ஹெட்போன்லயும் ஸ்பீக்கர்லயும் ஒரே மாதிரி, அவ்வளவு சுத்தம். கடைசிப் பகுதி புதுசா வாசிச்சிருக்கு. யாரு வாசிச்சது, விஜேந்திரன்?”

போனில் போட்டுக் காட்டினார். சின்ன விரல் கம்பியில் வழுக்கும்போது ஒரு கீச்... அது அவனுடைய வாசிப்பேதான். விஜேந்திரன் வாய்விட்டுக் கத்தினான்.

பொலிஸார் பூட்டைத் திறந்து தரையெல்லாம் தேடினார்கள். நாயையும் விட்டுப் பார்த்தார்கள். அவன் இடது கையிலிருந்து வெட்டுப்பட்டுப் போன மூன்று விரல்கள், அந்தச் சின்ன விரலும் சேர்த்து, இன்றுவரை அகப்படவில்லை.