படகுக்குப் பெண் பார்க்க வரச் சொன்னவள்

சிரம்பானிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் லாபு தோட்டத்து அம்மாள் ஒருத்தி, மடியில் கேசரிப் பாத்திரத்தோடு. பக்கத்தில் அவள் நாத்தனார்.

"பொண்ணு பாக்க வர்றவங்கள படகுக்கு வரச் சொல்றது எந்த ஊரு வழக்கம் அண்ணி?"

"எம் மக லங்காவித் தீவுலேருந்து பாய்மரப் படகு ஓட்டிக்கிட்டு வர்றா. வேற எங்க வந்து பாப்பாங்க?"

"காலையில நல்ல நேரம் இருந்துச்சுலா. வீட்டுலயே வச்சிருக்கலாம்."

"சாயங்காலம் தண்ணி ஏறினாத்தான் படகு ஆத்து வாய்க்குள்ள நுழையும். கடலு பஞ்சாங்கம் பாக்காது."

"பொண்ணுக்குப் பாடத் தெரியுமான்னு கேட்டாங்களே?"

"பையனுக்கு நீந்தத் தெரியுமான்னு நானும் கேட்டேன். இன்னும் பதில் வரல."

அப்போது அம்மாளின் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை வீட்டார்தான். அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் அவ படகு ஓட்டுவாங்க. அது புடிக்கலன்னா வேற எடம் பாத்துக்குங்க," என்று சொல்லிக் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

நாத்தனாருக்கு முகம் செத்துப்போனது.

"கெடுத்துட்டீங்களே அண்ணி. மணி அடிக்கிறேன், எறங்கி வீட்டுக்குப் போயிடலாம்."

அம்மாள் பாத்திரத்து மூடியை அழுத்தி மூடினாள்.

"எதுக்கு எறங்கணும்? மாப்பிள்ளைக்கா கேசரி கிண்டுனேன்? படகைக் கரையில கட்டிட்டு எம் மக பசியோட வருவா. பேசாம உக்காரு."