தெளிந்த போத்தல்கள்

கத்தரிக்காய் எனக்குப் பிடிக்காது, ஐயா. எங்கள் வீட்டில் அதை வாங்குவதே இல்லை. உங்கள் விசாரணைக் குறிப்பில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் பெயர் இரத்தினசிங்கம். கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக, இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு வரை, உதவியாளன். கத்தரியை ஒரே வாரத்தில் சாய்க்கும் வாடல் நோய், மண்ணிலுள்ள ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியை அழிக்கும் இன்னொரு நுண்ணுயிரும் அதே மண்ணில் உண்டு. பேஜ் என்பார்கள். ஹெந்தளைத் தோட்டச் சேற்றில் முழங்கால் புதைய நின்று, மூன்று மழைக்காலம் தேடி, அதைப் பிரித்தெடுத்தவன் நான். கிருமி பெருகிக் கஞ்சித்தண்ணீர் போல் கலங்கியிருந்த குடுவை, பேஜ் சேர்த்த சில மணி நேரத்தில் தெளிந்தது. அந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

என் மேலதிகாரி றேமண்ட் அந்தக் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் கட்டுரையாக அச்சிட்டார். என் பெயர் எங்கே என்று கேட்டதற்கு, போத்தல் கழுவுகிறவன் பெயரையெல்லாம் போடுவார்களா என்று சிரித்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

தோட்டங்களுக்குப் போகும் பேஜ் போத்தல் தெளிவாக இருந்தால் போதும், றேமண்ட் கையெழுத்து வைப்பார். வேறெதையும் சோதிக்கமாட்டார். கொதிக்கவைத்தால் பேஜ் செத்துவிடும். நீர் மட்டும் தெளிவாகவே இருக்கும். நான் கொதிக்கவைத்தேன்.

ஹெந்தளையில் பழனியம்மா என்ற விதவை, குத்தகைக் காணியில் போட்ட கத்தரிக்கு அதை நம்பி ஊற்றினாள். பூக்கிற நேரத்தில் அவளுடைய தோட்டம் முழுவதும் தலை தொங்கியது. ஒரு முறை தவறினால் றேமண்ட் மழையின் மேல் பழியைப் போட்டுத் தப்பிவிடுவார். ஆகவே இரண்டாம் முறையும் தவறவேண்டியிருந்தது. இந்தப் போகமும் போனால் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியேற்றுவதாகக் காணிக்காரர் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். போத்தலை வாங்கும்போது அவள் கேட்டாள்.

“ஐயா, இந்தத் தடவையாச்சும் செடி நிக்குமுங்களா?”

“ஓம், நிக்கும். பயப்பிடாதேங்கோ.”

நிற்கவில்லை. காணியை விடச் சொன்ன மறுநாள் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். அவள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். மூன்றாம் போகத்துக்கு நல்ல போத்தல் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன்.

றேமண்டை வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் பேஜ் பயனற்றது என்று உங்கள் அறிக்கையில் எழுதப்போகிறீர்களாம். அதை மட்டும் என்னால் பொறுக்கமுடியாது. அது பொய். அதற்காகத்தான் வந்தேன்.

வெள்ளவத்தையில் என் வீட்டு வளவுக்கு வந்து பாருங்கள். பழனியம்மாவின் தோட்டத்து நோய் மண்ணைச் சாக்கில் கொண்டுவந்து பரப்பி, அதில் பன்னிரண்டு கத்தரி நட்டேன். அவற்றுக்கு ஊற்றிய போத்தலை மட்டும் கொதிக்கவைக்கவில்லை. ஒரு செடிகூட வாடவில்லை. காய்கள் முற்றித் தானாக விழுகின்றன. பறிப்பதற்கு ஆளில்லை. நான்தான் கத்தரிக்காய் சாப்பிடுவதில்லையே.