கழிக்க வேண்டிய காற்று

ஜன்னலோரச் சீட்டுக்காக நான் பஸ்ஸில்கூட யாரிடமும் சண்டை போட்டதில்லை, மேடம். விம்கோ நகரிலிருந்து தினமும் நின்றுகொண்டேதான் வேலைக்குப் போவேன். ஒரு சீட்டுக்காக நான் இதைச் செய்தேன் என்று, நீங்கள் விசாரித்தபோது எங்கள் அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நீலா. வயது நாற்பத்திரண்டு. அப்பா திருவொற்றியூர் குப்பத்தில் போட் ஓட்டினார். அம்மா இன்னும் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறாள். நான் புகையை அளக்கிறேன்.

எங்களுடையது சின்ன நிறுவனம். காடு பற்றிக்கொண்டால் ஒரு குட்டி விமானத்தை வாடகைக்கு எடுத்து, அதன் வயிற்றில் ஒரு கருவியை மாட்டிப் பறப்போம். கருவி புகைக்குள் போகாது. மேலே இருந்தபடியே, தரையில் பட்டுத் திரும்பி வரும் வெயிலைப் பார்த்து, நடுவில் எவ்வளவு விஷக் காற்று இருக்கிறது என்று கணக்குச் சொல்லும். தேனிக்கும் நீலகிரிக்கும் என்று வாங்கிய கருவிதான். ஆனால் நம் பக்கத்தில் காடு எங்கே இருக்கிறது? கொடுங்கையூர் குப்பை மேடு எரிந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த விமானத்தில் பைலட்டை விட்டால் ஒருவருக்குத்தான் இடம். பதினோரு வருடம் நான் கீழே நின்றேன். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு, புகையில் இருமிக்கொண்டு. மேலே போய்க்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும் அடுத்தது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். எங்கள் மேலதிகாரி ரஹீம் சார் வினிதாவை அனுப்பினார். அவள் சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

"மேல யார் வேணாலும் போலாம், நீலா. கீழ நிக்கறதுக்கு உன்னை மாதிரி ஆள் கெடைக்காது. நீ தரைல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். ஒருவரை இதைவிட மரியாதையாக மிதிக்க முடியாது.

அம்மாவுக்குச் செய்தி மார்க்கெட்டிலேயே கிடைத்துவிட்டது. "இன்னாடி, ப்ளேன் பறக்கசொல்ல நீ கீழ நின்னுகினு கையாட்டுறியாமே?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வினிதா கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, ஸ்காலர்ஷிப்பிலேயே படித்து வந்தவள். வாய் நிறைய அக்கா, அக்கா என்பாள். முதல் தடவை பறந்துவிட்டு வந்ததும் ஓடி வந்து மேலிருந்து எடுத்த ஒரு போட்டோவைக் காட்டினாள். பழுப்பு மைதானம், நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி. "அக்கா, இது யாரு தெரியுதா? நீங்கதான்!" என்றாள். அதைப் பெரிதாக அச்சடித்து அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். டீ குடிக்கப் போகும்போதும் வரும்போதும் நான் அதைக் கடந்துதான் போக வேண்டும். வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். புகையை அளப்பது கூடையோடு மீனை நிறுப்பது மாதிரி. முதலில் வெறுங்கூடையை நிறுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் அதைக் கழிக்க வேண்டும். சென்னையில் எந்தக் காற்றும் வெறும் காற்று இல்லை. அனல் மின் நிலையம், லாரி, துறைமுகம் என்று எப்போதும் ஏதாவது கலந்திருக்கும். அதனால் குப்பை மேட்டுக்குக் கிழக்கே, கடற்காற்று உள்ளே வரும் பக்கத்தில், புகை சேராத ஓர் இடத்தின் மேல் விமானம் மூன்று வட்டம் அடிக்கும். அங்கே வரும் எண்தான் கூடை. புகை மண்டலத்தின் முழு அகலத்துக்கும் அந்த ஒரே எண்ணைத்தான் கழிப்போம்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது கீழே நிற்பவரின் வேலை. அவர் கையிலுள்ள மீட்டரைப் பார்த்து 'சுத்தம்' என்று சொன்னால், மேலே இருப்பவர் சுத்தம் என்று எழுதியாக வேண்டும். கண்ணுக்கு என்ன தெரிந்தாலும் கீழே இருப்பவர் சொல்தான் கடைசி. எங்கள் கையேட்டில் அந்த விதியை எழுதியதே நான்தான்.

மே மாதம் குப்பை மேடு பற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மணிக்கு நானூறு கிலோவுக்கு மேல் விஷக் காற்று வெளியேறுவதாக விமானம் சொன்னால், பக்கத்திலிருக்கும் அடுக்குமாடி ஜனங்களைப் பொழுது சாய்வதற்குள் கல்யாண மண்டபத்துக்கு மாற்றுவது. இல்லாவிட்டால் வேண்டாம்.

நான் கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு திடலைத் தேர்ந்தெடுத்தேன். அதை ஒட்டி அருள்நாதன் அண்ணனின் பழைய இரும்புக் கடை இருக்கிறது. அவர் வாரம் ஒரு முறை ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். "நாளைக்குக் கொளுத்துறதை இன்னிக்கு ரெண்டு மணிக்கே கொளுத்திடுங்கண்ணே" என்று நான்தான் கேட்டேன்.

"இன்னா நீலா, நான் கொளுத்தினா சண்டைக்கு வருவ, இன்னிக்கு நீயே கொளுத்த சொல்ற?" என்று சிரித்தார். நாளைக்குச் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

வினிதா முதல் வட்டத்திலேயே கேட்டாள். "அக்கா, லைன் ஓரமா ஏதோ புகையிற மாதிரி இருக்கே?"

"டீக்கடை அடுப்பு. மீட்டர்ல ஒண்ணும் இல்ல. சுத்தம்."

"நீங்க சொன்னா சரிக்கா" என்றாள்.

நான் செய்தது அவ்வளவுதான். வெறுங்கூடையைத் தண்ணீரில் முக்கி நிறுத்தேன். கூடை கனத்தால் கணக்கில் மீன் குறையும். நாலு மணிக்கு அவளுடைய எண் வந்தது. நூற்று எழுபது. ஒயரைக் கொளுத்துவதற்கு முன்பே என் மீட்டரில் எடுத்து வைத்திருந்த எண்ணைக் கழித்து நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். நானூற்று முப்பது வந்தது. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் கூட்டத்தில் அதை எடுத்து மேசையில் வைக்க நினைத்திருந்தேன். முதல் பெரிய வேலையிலேயே வினிதா தப்புச் செய்தாள் என்று ரஹீம் சார் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

யாரையும் மாற்ற வேண்டாம் என்று உத்தரவு வந்தது. ஐந்தரை மணிக்கு அடுக்குமாடியில் வைத்திருந்த எங்கள் மீட்டரைப் பார்க்கப் போனேன். அது இரண்டாவது மாடியில் வரலட்சுமியின் வீட்டு ஜன்னலில் இருந்தது. வரலட்சுமி தூய்மைப் பணியாளர். அவளுக்கு சினேகா என்று ஏழு வயதில் ஒரு பெண். வீசிங் உள்ள குழந்தை. ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு வரலட்சுமி வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா, பாப்பாக்கு நெஞ்சு கொர்ரு கொர்ருன்னு கீது. புளியந்தோப்புல எங்க அண்ணன் வூடு கீது. இட்டுகினு பூடட்டுமா, இங்கயே இருக்கலாமா?"

"மேலேருந்து பாத்துட்டாங்க, வரலட்சுமி. சொன்ன அளவுல பாதிகூட இல்லியாம்" என்றேன்.

"நெசமாவா?"

"விமானத்துலேருந்து அளந்திருக்காங்க."

அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏழு மணிக்குக் கடற்காற்று நின்றது. காற்று நின்றால் புகை எழும்பாமல் அப்படியே படுத்துவிடும். வரலட்சுமி வீட்டு ஜன்னல் மீட்டர் நிமிடத்துக்கு ஒரு தடவை என் போனுக்கு எண் அனுப்பும். ஏழு பத்துக்கு ஏறத் தொடங்கியது. ஏழரைக்கு மூன்று மடங்கு ஆகிவிட்டது. நான் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு மீட்டர் காட்டக்கூடிய கடைசி எண்ணைத் தொட்டு அங்கேயே நின்றது. வரலட்சுமியின் நம்பர் என்னிடம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வினிதாவின் எண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சினேகா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். காலையில் செய்தி வந்ததும் வினிதா அலுவலகத் தரையில் உட்கார்ந்து, "நான்தான்க்கா கொன்னுட்டேன்" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். முதல் தடவை எல்லாருக்கும் தப்பு வரும் என்று சொன்னேன். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டாள். பைக்குள் இருந்த தாளை நான் வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது கேட்டீர்கள் என்றால், ஆமாம், அருள்நாதன் அண்ணனைக் கொளுத்தச் சொன்னது நான், சுத்தம் என்று சொன்னது நான், வரலட்சுமியை வீட்டிலேயே இருக்க வைத்தது நான், எட்டு மணி வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். ரஹீம் சார் அன்றைக்கு வினிதாவுக்குப் பதிலாக என்னை மேலே அனுப்பியிருந்தால் எண் சரியாக வந்திருக்கும், அந்தக் குழந்தை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கும். அவரை யாருமே விசாரிக்கவில்லை.