முதலாளியம்மா வெளியில போயிட்டா

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பேருந்தில், மடியில் மிளகாய்த்தூள் பைக்கற்றுகளோடு முன் இருக்கையில் இருந்த பெண் தொலைபேசியில் சொன்னாள்:

"முதலாளியம்மா வெளியில போயிட்டா. நான் அங்க வேலை செய்யிற ஆள்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்த மூத்த பெண் அவளை முறைத்தார்.

"ஆரடி உனக்கு முதலாளி? வறுக்கிறதும் நீ, இடிக்கிறதும் நீ."

"நான்தான் எண்டு சொன்னா, தூள் பிழைச்சா என்னையெல்லே பேசுவினம், அக்கா. புருசன் இல்லாதவளுக்கு வந்த எடுப்பையும் திமிரையும் பார் எண்டு ஊரும் கதைக்கும்."

"அதுக்கு? பைக்கற்றிலயும் பேர் இல்லை. ஆரிட்டைக் கேட்டு வாங்கிறது?"

தொலைபேசி மறுபடி அடித்தது.

"தூள் கேட்டு முந்தி எடுத்த அதே கடைதான், அக்கா."

"எடு."

அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தாள்.

"ஓம்... முதலாளிதான் கதைக்கிறன்."

உடனே தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, பேர் கேக்கினம். சொல்லட்டே?"