ரமீஸா சொன்ன சொல்

— ரமீஸா, இப்பச் சொன்னத இன்னொருக்காச் சொல்லு.

— வேணாம்னேன் அக்கா. இந்த நிக்காஹ் எனக்கு வேணாம்.

— அல்லாவே! கீழ பிரியாணி தம்முல கெடக்கு. கம்பத்துக்காரவுக ரெண்டு வேன்ல வந்து எறங்கியாச்சு. நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜ்ரத்து மேடையில உக்காந்து மைக்கத் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்காரு. இப்பப் போயி...

— மெதுவாப் பேசுக்கா. வெளிய அம்மா நிக்கிறாக.

— சின்னம்மா கீழ போயிருச்சு. பொண்ணு தொழுகுதுன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். தாழ்ப்பாளும் போட்டாச்சு. சொல்லு. நாலு மாசமாப் பேச்சு நடக்குது, அப்பெல்லாம் வாய எங்க வச்சிருந்த?

— அப்ப வேணாம்னு தோணலக்கா. உன் கொழுந்தன்தான, தெரிஞ்ச எடந்தான, மச்சான் மாதிரி இவரு இல்லன்னு இருந்தேன். வேலைக்குப் போகட்டும்னு அவரே ஒத்துக்கிட்டாரு. எனக்கு அது மட்டும் போதும்னு நெனச்சேன்.

— பொறவு என்ன வந்துச்சு?

— காலையில அன்னக்கொடி போன் போட்டுச்சு.

— எந்த அன்னக்கொடி?

— மேல எஸ்டேட்டுல. போன மழையில மலை மெட்டு ரோட்டுல மரம் விழுந்து ஜீப்பு நின்னுபோச்சு, அதுல வச்சே சுஜாதாவுக்குப் பிரசவம் பாத்தேனே, அந்தப் புள்ளையோட மாமியா.

— ஆமா, சொல்லியிருக்க. பின்சீட்டுல.

— பின்சீட்டுலதான். டிரைவரு டார்ச்சு புடிச்சாரு. அந்த அன்னக்கொடி இன்னைக்குப் போன்ல அழுகுது. 'சிஸ்டரே, இனிமே நீங்க வரமாட்டீகளாமே, டிஸ்பென்சரிக்குப் புது நர்ஸ் வந்து சாவி வாங்கிருச்சே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா'ன்னு. எனக்கு ஒண்ணுமே புரியல. யாரு சொன்னா நான் வரமாட்டேன்னு? கேட்டா, மாப்ள வந்து சொல்லிட்டுப் போனாருங்குது.

— அஷ்ஃபாக்கா?

— அவரேதான். ஜீப்பு புடிச்சு மெட்டு ஏறிப் போயி, மேனேஜரு முன்னாடி உக்காந்து, எம்பொண்டாட்டி இனிமே வேலைக்கு வரமாட்டான்னு சொல்லிட்டு வந்திருக்காரு. இன்னும் நிக்காஹே ஆகலக்கா. அதுக்குள்ள பொண்டாட்டி.

— எங்கிட்டயும்ல ஒத்துக்கிட்டான். பொண்ணு பேச வந்தன்னைக்கு, 'மதினி, அது படிச்ச புள்ள, வீட்டுல அடைச்சு வைக்க மாட்டேன்'னு இந்த வாயால... சரி, நீ அவன்கிட்டக் கேட்டியா?

— கேட்டேன். போன்ல. கோவப்படக்கூட இல்ல. பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொல்றாரு. 'எங்க வீட்டுப் பொம்பளைக ஆம்பளைகளோட ஜீப்புல நெருக்கியடிச்சுப் போறதில்ல. மார்க்கத்துல அதுக்கு எடமில்ல. உனக்கு என்ன கொறை வைக்கப் போறேன்'னு.

— மார்க்கத்துல எடமில்லன்னு இவனுக்கு எவன் ஓதிக்குடுத்தான்? சொல்றதக் கேளு. நபி ரசூலுல்லா காலத்துலயே கூடாரம் போட்டு, காயம்பட்டு வந்த ஆம்பளைகளுக்கு மருந்து கட்டுன பொம்பளைக இருந்தாங்க. பள்ளிவாசலுக்குப் பக்கத்துலயே கூடாரம்!

— அதெல்லாம் சரிக்கா. அது கிதாபுல இருக்கு. கிதாபு யாரு கையில இருக்கு?

— என் கையில இருக்கு. அஞ்சு வருசம் ஓதிப் பட்டம் வாங்கியிருக்கேன்.

— ஓதி என்னாச்சு? நான் கேக்குறேன்னு வருத்தப்படாத. உன்னைய எதுக்கு மச்சான் வீட்ட விட்டு அனுப்புனாரு? தெருப் பொம்பளைகளக் கூட்டி வச்சு, ரம்ஜான் ராத்தொழுகைக்குப் பள்ளிவாசல்ல ஒரு தெரை கட்டி எங்களுக்கும் எடம் குடுங்கன்னு கேட்ட. அம்புட்டுத்தான. களவாண்டியா, எதுத்துப் பேசுனியா?

— பொம்பளைகளத் தடுக்காதீங்கன்னு நபி சொன்னதத்தான் நான் சொன்னேன்.

— நபி சொன்னதச் சொன்ன. மச்சான் என்ன சொன்னாரு? ஜமாத்துக்கே பாடம் எடுக்குறா, எந்தலை குனிஞ்சு போச்சுன்னு பையத் தூக்கி வாசல்ல வச்சாரு. யாராவது ஒரு ஆளு, அந்தப் பொண்ணு சொன்னது சரிதானப்பான்னு கேட்டாகளா?

— அது மனுசங்க குத்தம் ரமீ. மார்க்கத்து மேல பழியப் போடாத.

— நான் அல்லா மேல பழி போடல. டிஸ்பென்சரியில மருந்து வந்த அட்டைப் பெட்டிய விரிச்சுப் போட்டு அதுலதான் மதிய லுஹர் தொழுவேன். ஒரு வக்துகூட விட்டதில்ல. மருந்து வாங்க வர்ற சீனிச்சாமி தாத்தா வெளிய நின்னு, சிஸ்டர் சாமி கும்புடுது, சத்தம் போடாதீகன்னு கூட்டத்த அதட்டுவாரு. எனக்கும் அல்லாவுக்கும் ஒரு சண்டையும் இல்லக்கா. நடுவுல நிக்கிறாக பாரு, அவுகளத் தாண்டி என்னால போக முடியல.

— நீ எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்புற. நான் முகத்த மூடுறேன். யாராச்சும் என்னைய அடிச்சா மூடச் சொன்னாக? நானா மூடுனேன். அன்னைக்கு நீ சிரிச்ச.

— சிரிச்சேன். தப்புத்தான். நீ மூடுறது உன் இஷ்டம்னு இப்ப எனக்குப் புரியுது. நான் ஜீப்புல போறது என் இஷ்டம்னு உனக்குப் புரியுதா?

— புரியாமயா கதவத் தாழ் போட்டுட்டு உங்கூட உக்காந்திருக்கேன்? கேளு. மொதல்ல ஒரு வழி பாப்போம். நிக்காஹ்ல நிபந்தனை போடலாம். வேலைக்குப் போவேன், தடுக்கக்கூடாதுன்னு. சாட்சி முன்னாடி சொல்லச் சொல்லலாம். அதுக்கு மார்க்கத்துல எடமிருக்கு.

— எந்த வேலைக்கு? அந்த நாற்காலியில இப்ப வேற பொண்ணு உக்காந்திருக்கு. நேத்து ஒரு வாக்க முழுங்கிட்டு வந்தவரு, இன்னைக்கு ஒரு வாக்கு குடுத்தா நான் நம்பணுமா?

— அதுவும் சரிதான்.

— நீ சொல்லுக்கா. உங்கிட்ட இருக்குற சட்டம் எல்லாம் ரொம்ப நல்ல சட்டம். பொட்டப்புள்ள வெவரம் தெரியிற வரைக்கும் தாய்கிட்டத்தான் வளரணும்னு நீதான சொன்ன? அப்ப ஒம் மக சுமையா எங்க? போன ரம்ஜான்ல இருந்து ஒன் புள்ள எங்கக்கா? அக்கா. ஏ, அக்கா. நான் அதச் சொல்லியிருக்கக் கூடாது.

— இல்ல. சொல்லு. உண்மைதான.

— அழாதக்கா. மை போட்ட கண்ணு ரெண்டு பேருக்கும்.

— அத்தா மூணு தடவ கம்பத்து ஜமாத்துக்குப் போயிட்டு வந்தாரு. மூணு தடவையும் டீ வாங்கிக் குடுத்து, ஒங்க மாப்ள ராஜா முகம்மது வரட்டும், வச்சுப் பேசலாம்னு அனுப்பிட்டாக. அவுக ஒரு தடவகூட வரல. புள்ள போன்ல மொதல்ல அம்மான்னு அழுதுச்சு. இப்ப அழுகுறதில்ல. போன வாரம் பேசுனப்ப, 'நீங்க யாரு, எங்க பாட்டியக் கூப்பிடவா'ன்னு கேக்குது.

— கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். எனக்காகத்தான நீ போகல. வீட்டுல ஒரு கேஸ் நடந்தா ரமீஸாவுக்கு எவன் மாப்ள குடுப்பான்னு ஒங்கத்தா, எம் பெரியத்தா சொன்னாரு, நீ வாய மூடிக்கிட்ட. எனக்கு எல்லாம் தெரியும்.

— அதெல்லாம் எதுக்கு இப்ப? ஒன் சோலியப் பாப்போம்.

— எனக்கு உன்னைய நெனச்சாத்தான் பயம். நானும் ஒரு புள்ளையப் பெத்து, நானும் ஏதாச்சும் ஒண்ணு கேட்டு, என் பையயும் வாசல்ல வைப்பாக. அதே வாசல்.

— மதி, ரமீ, மதி. அப்படித்தான சொல்லுவீங்க உங்க மலையில, போதும்னா? கண்ணத் தொடச்சுக்க. இப்ப நான் சொல்றதக் கேளு. என் விசயத்துல எனக்கு வழி தெரியல, நெசந்தான். ஆனா ஒன் விசயத்துல ஒண்ணு நல்லாத் தெரியும். பொண்ணோட சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்ல. எங்கத்தா என்னையக் கேக்காமக் கட்டி வச்சிட்டாருன்னு ஒரு பொண்ணு நபிகிட்டப் போயி நின்னப்ப, அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு சொன்னாங்க. ஆயிரம் பேரு சாப்பிட உக்காந்திருக்கலாம், ஆயிரம் பேரு ஆமீன் சொல்லலாம். நீ வேணாம்னா வேணாந்தான். இத யாராலயும் மாத்த முடியாது.

— பெரியத்தா மொகத்தப் பாத்து அத நான் எப்படிக்கா சொல்லுவேன்? எங்கத்தா மவுத்தாகிப் போனதுல இருந்து என்னையத் தூக்கி வளத்த மனுசன். நர்சிங் சேத்துவிட்டதும் அவருதான். அவரு வந்து, 'என்னத்தா கண்ணு, சம்மதமா'ன்னு கேட்டா வேணாம்னு எனக்கு வாய் வராது. பேசாம இருந்தா அதையே சம்மதம்னு எடுத்துக்குவாக.

— வெக்கத்துல பேசாம இருந்தா எடுத்துக்கலாம்னு இருக்கு. பயத்துல இருந்தா இல்ல.

— வெளிய நிக்கிறவுகளுக்கு வெக்கம் எது, பயம் எதுன்னு எப்படித் தெரியும்?

— நான் எதுக்கு இருக்கேன்? இந்தத் தெரைக்கு அந்தப் பக்கம் அத்தாவும் சாட்சிக்கு ரெண்டு பேரும் நிப்பாக. நடுவுல நான் நிக்கிறேன். நீ எங்கிட்டச் சொல்லு, காதோட சொன்னாப் போதும். நான் அவுக காதுல விழுற மாதிரிச் சொல்றேன்.

— நெசமாவா? ஒன் மாமியா வீட்டுக்காரவுக அத்தன பேரும் கீழ இருக்காக.

— இருக்கட்டும். இதுக்கு மேல என்னைய என்ன பண்ணிருவாக?

— அக்கா, நீ சொல்லிருவேல்ல?

— அல்லா மேல ஆணையாச் சொல்றேன். கையக் குடு.

— ஆலியா! ஏத்தா ஆலியா! கதவத் தொற. வெரசா.

— அத்தா வந்துட்டாரு. நீ தெரைக்குப் பின்னாடி உக்காரு ரமீ. முக்காட்ட இழுத்து விட்டுக்க... வாங்கத்தா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?

— படி ஏறி ஓடியாந்தேன். சாட்சிக்காரவுக பின்னாடி வர்றாக. அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஓடியாந்தேன்த்தா. கீழ யாரு வந்திருக்கா தெரியுமா? சுமையா.

— யாரு?

— ஒம்மக. பச்சக் கவுனு போட்டு, பெரிய மாப்ள தோள்ல தூங்கிக்கிட்டு வந்துச்சு. நான் வாங்குனேன், முழிச்சுக்கிருச்சு, என் தாடியப் புடிச்சு இழுத்துச்சு. ஒசந்துருச்சுத்தா. கன்னம் கொஞ்சம் வத்திப் போச்சு.

— அத்தா... இங்க கொண்டாங்கத்தா. ஒரு நிமிசம் கொண்டாங்க.

— இரு, இரு. மாப்ள மனசு எறங்கிட்டாரு. அவுக அம்மாதான் எல்லார் முன்னாடியும் சொல்லுச்சு. நிக்காஹ் முடிஞ்சதும் சின்ன மருமகளோட பெரிய மருமகளையும் கூட்டிட்டே போறோம், ரெண்டு பேரும் ஒண்ணா வந்து எறங்கட்டும்னு. நான் அல்லாவுக்கு நன்றி சொல்லி, சுக்ரு செஞ்சு மண்டபத்துலயே அழுதுட்டேன்த்தா. ஒன்னைய இப்படி வீட்டுல வச்சுக்கிட்டு நான் ஒரு நாளு நிம்மதியாத் தூங்கல.

— அத்தா, ஒருவேள... நிக்காஹ் நடக்கலைன்னா?

— என்ன பேச்சு இது, நல்ல நேரத்துல? நடக்காம எங்க போகுது?

— சும்மா கேக்குறேன். நடக்கலைன்னா புள்ளைய?

— நடக்கலைன்னா புள்ளைய எப்படித்தா விடுவாக? வந்த வேன்லயே தூக்கிட்டுப் போயிருவாக. அப்புறம் இந்த ஜென்மத்துல அந்தப் புள்ள மொகத்த நாம பாக்க முடியுமா? ஏன் இதெல்லாம் கேக்குற? உள்ள ஏதும்...

— ஒண்ணுமில்லத்தா.

— அக்கா.

— இரு ரமீ.

— வாங்க பாய், வாங்க. ரெண்டு பேரும் இப்படி நில்லுங்க. கேட்டுருவோமா? பிஸ்மில்லா. ரமீஸா, கண்ணு, பெரியத்தா கேக்குறேன். கம்பம் அஷ்ஃபாக்க, பேசுன மஹருக்கு உனக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்க, உன் சார்புல பேச என்னைய வக்கீலா ஏத்துக்கிறியா? ஒனக்குச் சம்மதமாத்தா?

— அக்கா, சொல்லு.

— என்ன, சத்தத்தக் காணோம்? இல்ல பாய், பேசாம இருந்தாச் சம்மதம்னு நான் எடுத்துக்க மாட்டேன். என் மக மார்க்கம் ஓதுன ஆலிமா. பொண்ணு வாயால சொல்லணும், அதுதான் மொறைன்னு எனக்கே பாடம் எடுத்திருக்கா. சொல்லுத்தா ரமீஸா, சும்மா சொல்லு. கூச்சப்படாத.

— அக்கா. வேணாம்னு சொல்லுக்கா. எனக்குக் குரல் வரல. சொல்லுக்கா.

— உள்ள ஏதோ மொணங்குது. கீழ இந்த மைக்குச் சத்தத்துல ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. ஆலியா, நீ பக்கத்துலதான நிக்கிற, புள்ள என்ன சொல்லுது? என்னத்தா, ஏன் அழுகுற? என்ன சொன்னா?

— சம்மதம்னு சொன்னாத்தா. என் காதால கேட்டேன்.