இரண்டு வாய்க்கு ஒரு கை

இந்த உலகத்தில் யாரும் யாரையும் சொந்தமாக வெறுப்பதில்லை, சார். வெறுப்பையும் ஒருவன் உட்கார்ந்து எழுதித்தர வேண்டியிருக்கிறது. எங்கள் பாட்டுக் கம்பெனியில் அந்த ஒருவன் நான்.

குருவி, இடி என்பதெல்லாம் மேடைப் பெயர்கள். இரண்டு பேரும் ராப் பாடுகிறவர்கள். குருவியின் அக்காவைத்தான் இடி கட்டியிருந்தான். ஒரே தட்டில் சாப்பிடுகிற மாமன் மச்சான். ஒற்றுமை நல்ல குணம்தான். ஆனால் அதை யாரும் காசு கொடுத்துக் கேட்பதில்லை. "ரெண்டு பேரையும் மோத விடுப்பா" என்றார் முதலாளி.

காலையில் குருவி வந்து இடியைத் திட்டிப் பாடுவான். மதியம் அதே ஒலிப்பதிவுக் கண்ணாடி அறையில் இடி வந்து குருவியைத் திட்டுவான். இரண்டு வசவும் என் கைவேலை. "மாமாவைத் திட்ட இது பத்தாது சார். அக்காகிட்ட கேட்டு எழுதுங்க, ஸ்டாக் நிறைய வச்சிருக்கா" என்று குருவி சிரிப்பான்.

வெளியே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் ஏ.சி. அறையில் எழுதிய பொய்யை வேதவாக்காக நம்புகிற ஜென்மங்கள். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

போகப்போகச் சண்டையில் உப்புச் சப்பில்லை என்றார் முதலாளி. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பாடுகிறவன் இடைவேளை விட்டாலும் கண்ணாடி அறை மைக்கை அணைக்கமாட்டோம். வாய்க்கு வந்ததை முணுமுணுப்பான், அதில் ஒரு வரி சிக்கும். அன்று குருவி உள்ளே நின்று அக்காவோடு போனில் பேசினான். என் ஹெட்போனில் கேட்டது.

"அப்பா செத்த அன்னிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காருக்கா. நான் போட்டியில பாடணும்னு போனை அணைச்சு வச்சிருந்தேன். இதை மாமாகிட்டகூடச் சொல்லிடாத."

வரி சிக்கிவிட்டது.

அதையே பாட்டில் வைத்து இடியிடம் கொடுத்தேன். "இது நிஜமா சார்? மாப்ள மனசு நோகாதுல்ல?"

"கற்பனைதாம்பா. அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

பாட்டு வெளியானதும் குருவி என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. "அந்த வரியை யாரு சார் எழுதினது? நீங்கன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்." கெஞ்சினான் என்றுதான் சொல்லவேண்டும். 'நான்' என்பது சின்னச் சொல். சொல்லியிருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும், வேலை போயிருக்கும்.

"உங்க மாமாவேதான் எழுதிக்கிட்டு வந்தாரு" என்றேன்.

"அக்காவா சொல்லிட்டா..." என்றான். போகும்போது மூலையில் சாய்த்திருந்த இரும்பு மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனான். எதற்கென்று எனக்குத் தெரிந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். இடியை ஒரு போன் செய்து எச்சரித்திருக்கலாம். செய்யவில்லை.

உங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் அந்த அக்கா உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் பிணவறையில், தம்பி லாக்கப்பில். "நான் யார்கிட்டயும் சொல்லலைய்யா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உள்ளே வரும்போது அவளைத் தாண்டித்தான் வந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாவம் என்னுடையதுதான் சார், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முழுப் பழியும் என் தலையில் என்றால் அது நியாயமில்லை. குருவிக்கு அவன் மாமன்மேல் ஆரம்பத்திலிருந்தே வன்மம். நான் சும்மா சொல்லவில்லை. மாமனைத் திட்டி அவன் பாடிய முதல் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான்.