ஓநாய்ச் சீட்டு வந்தால்

ஓநாய்ச் சீட்டு கைக்கு வந்தால் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே குடிப்பது இன்னும் நல்லது. தொண்டை வறண்டால் குரல் மாறும். குரல் மாறினால் எதிரில் இருப்பவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்க வந்தது இதுவல்ல என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு சுவிட்சுப் பெட்டியின் கொக்கியில் என் தம்பியின் பித்தளை வில்லை தொங்கியதா இல்லையா என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா ஒன்பது வருடமாக அதையேதான் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னீர்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்குச் சீட்டாட்டத்திலிருந்து தொடங்கினால்தான் பேச வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடம் அது. துணி துவைக்கும் பெரிய டிரம்மின் சுவிட்சு உங்கள் அம்மாவின் பொறுப்பு. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட சுவிட்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் தம்பியும் எந்திரம் பழுதுபார்ப்பவர்கள். டிரம்முக்குள் நூலும் பஞ்சும் சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஒருவர் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே இறங்கிப் பிடுங்கி எடுக்க வேண்டும். இறங்குகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை சுவிட்சுப் பெட்டியின் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்குவார். அது தொங்கும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. மாட்டியவரே வந்து கழற்ற வேண்டும். அங்கே மற்ற எல்லாச் சட்டத்தையும் காற்றில் பறக்கவிட்டிருக்கிறோம், இதை மட்டும் விட்டதில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் ஆறு பேர் சீட்டாடுவோம். ஒருவருக்கு ஓநாய்ச் சீட்டு வரும், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். அவரவர் சீட்டு அவரவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் கண்ணை மூடியதும் ஓநாய் மட்டும் கண் திறந்து ஒருவர் முன்னால் ஒரு சட்டைப் பொத்தானை வைக்கும். அவர் காலி. மிச்சமிருப்பவர்கள் பேசிப் பேசி ஓநாயைக் கண்டுபிடிக்க வேண்டும். யார்மேல் சந்தேகமோ அவர் முன்னால் வில்லையை வைப்போம். ஆமாம், அதே பித்தளை வில்லைதான்; அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் ஒன்று உண்டு. எப்போதும் கையோடு இருந்தது, மேஜையில் வைத்தால் டக்கென்று நல்ல சத்தம் வந்தது. சூப்பர்வைசர் இரண்டு தரம் கண்டித்தார். மூன்றாம் தரம் அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஓநாய் முதலில் யாரையும் கைகாட்டக் கூடாது. அதை வேறொருவர் செய்யட்டும். நாம் இரண்டாவது ஆளாக, மனசில்லாமல் ஒத்துக்கொள்வதுபோல ஒத்துக்கொள்ள வேண்டும். மாட்டப்போகிறவருக்காகப் பரிந்து பேசுவது அதைவிட நல்லது. பரிந்து பேசுகிறவனை யாரும் ஓநாய் என்று நினைப்பதில்லை.

இப்படி ஆடி எல்லோரையும் ஜெயித்திருக்கிறேன், தம்பியைத் தவிர. பொய் சொல்லும்போது என் கை காது மடலுக்குப் போகும். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது தெரியும். வெளியே யாரிடமும் சொல்லமாட்டான். சிரித்துக்கொண்டே தன் வில்லையை என் முன்னால் வைப்பான். உங்கள் அம்மாவுக்கு இந்த ஆட்டமே சரிப்படாது. ஓநாய் வந்தால், "இந்தப் பொய் பேசுற வேலையெல்லாம் நமக்கு ஆகாதுப்பா" என்று சீட்டைத் திருப்பிக் காட்டிவிடுவார். ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

அன்றைக்கும் ஓநாய் நான்தான். நன்றாகவே ஆடினேன். இரண்டு பேரின் சந்தேகம் இஸ்திரிக்காரர்மேல் சாய்ந்துவிட்டது. கடைசி நொடியில் தம்பி, "அவரு பாவம், விடுங்க. அண்ணன்தான். அண்ணன் மூஞ்சியிலயே எழுதியிருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாலு வில்லையும் என் முன்னால் வந்து விழுந்தன. மணி அடித்தது. அவரவர் தங்களுடையதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தம்பி கை கழுவப் போயிருந்தான். அவனுடையது என் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் டிரம் அடைத்துக்கொண்டது. இரண்டு நிமிட வேலை என்று தம்பி வில்லை மாட்டாமல் இறங்கினான். துணி எண்ணப் போயிருந்த உங்கள் அம்மா திரும்பி வந்து கொக்கியைப் பார்த்தார். வெறும் கொக்கி. வழக்கம்போல "உள்ள யாரும் இல்லையே?" என்று குரல் கொடுத்தார். உலர்த்தும் எந்திரங்களின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? சுவிட்சைப் போட்டார்.

உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். அவர் பார்த்தபோது கொக்கியில் ஒன்றும் இல்லை. அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

எல்லோரும் டிரம்மின் பின்பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன். போகிற வழியில் சுவிட்சுப் பெட்டி இருந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தபோது வில்லை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணையில் நான் முதலில் வாயைத் திறக்கவில்லை. இஸ்திரிக்காரர்தான், "வில்லை கண்ணு முன்னாடி தொங்குது, இந்தம்மா இல்லைங்குது" என்று ஆரம்பித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செத்தவனின் அண்ணன் என்ன சொல்வானோ என்று. நான் உங்கள் அம்மாவுக்குப் பரிந்து பேசினேன். "அக்கா வேணும்னு செய்யுற ஆள் இல்லைங்க. மூணு நாளா பொண்ணுக்குக் காய்ச்சல், அவங்களுக்குச் சரியான தூக்கமே இல்லை" என்றேன். காய்ச்சல் உங்களுக்குத்தான். அப்போது உங்களுக்குப் பத்து வயது இருக்கும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. போனவன் என் தம்பி.

மூன்றாம் விசாரணையில் அவரே, "இருந்திருக்கும்யா. நான்தான் பார்க்கலை போல" என்று சொல்லிவிட்டார். ஒரு வருடம் சிறை. போய்ப் பார்த்தேன். "களைப்புல யாருக்கும் நடக்கும்க்கா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னேன். அணைத்த அடுப்பை இப்போதும் ஏழு தரம் போய்ப் பார்க்கிறார் என்றீர்கள். உங்கள் கையைப் பிடிக்காமல் தெருவைக் கடப்பதில்லை என்றீர்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது.

ஏன் செய்தேன் என்றால், எங்கள் அம்மாவுக்காக. ஒரு பிள்ளையை மண்ணில் வைத்தவளுக்கு இன்னொரு பிள்ளையாவது சிறைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டாமா? அவள் போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நான்காம் மாதமே போய்விட்டாள். அப்போது தீர்ப்பு வரவில்லை. தீர்ப்பு வரட்டும் என்று இருந்தேன், வந்தது. பிறகு சொல்வதற்குத் தோதான நாள் ஒன்று அமையவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை.

இறங்கும் முன்பு தம்பி என்னிடம் வந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, என் வில்லை உங்ககிட்ட இருக்கா?" என்றான். எல்லோர் முன்னாலும் சிரிக்கவைத்தானே, கொஞ்சம் தேடட்டும் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் தண்ணீர் இருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"இல்லையே" என்றேன்.

அவன் என் காதைப் பார்த்தான். என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனிடம் நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அது.